இரண்டு விழுக்காடுகளைக் கூட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான நீரிழிவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி, 2023ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட நாடு தழுவிய ஆய்விலிருந்து இரண்டு எண்களை அக்கட்டுரை எடுத்துக் காட்டியிருந்தது. 20 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக அந்த ஆய்வு கண்டறிந்தது. இரண்டு எண்களும் சரியாகவே அச்சாகியிருந்தன. ஆனால் அடுத்த வாக்கியம், ‘ஆக, ஏறத்தாழ 47 விழுக்காட்டினர், அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேர், இவ்விரு நோய்களில் ஏதேனும் ஒன்றுடன் வாழ்கிறார்கள்’ என்று இருந்தது. 31 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ‘ஆக’ என்ற சொல்லைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆய்வு செய்தவர்கள் சொல்லாத ஒன்றை அந்தச் சொல் அவர்கள் பெயரால் சொல்லிவிட்டது.

பிழை எங்கே இருக்கிறது என்பதை ஒரு கிராமத்தை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். வயது வந்தோர் 1,000 பேர் வாழும் ஓர் ஊரில், ஆய்வு சொன்ன அதே விகிதம் இருப்பதாகக் கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரிழிவுக்கு ஒரு பதிவேடு, ரத்த அழுத்தத்துக்கு ஒரு பதிவேடு இருக்கின்றன. முதலாவதில் 114 பெயர்கள், இரண்டாவதில் 355 பெயர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எண்ணினால் 469 வரும். ஆனால் 469 என்பது பெயர்கள் எழுதப்பட்ட வரிகளின் எண்ணிக்கை. அத்தனை ஆட்கள் அந்த ஊரில் நோயுடன் இருக்கிறார்கள் என்பதாகாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்தே மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டியின் பெயர் இரண்டு பதிவேடுகளிலும் இருக்கும். அவர் ஒருவர்தான், கட்டுரையோ அவரை இருவராக எண்ணிவிட்டது. அப்படி இரண்டிலும் இடம்பெற்ற பெயர்களை ஒருமுறை அடித்துவிட்ட பிறகு மிஞ்சுவதே, ஏதேனும் ஒரு நோயாவது உள்ளவர்களின் எண்ணிக்கை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: கூட்டல் எப்போதுமே தவறு என்பதல்ல. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி இவ்விரு நோய்களுக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பொட்டலங்கள் 469தான், அதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கை 469ஐ விடக் குறைவாக இருக்கும். எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் உண்மையான எண்ணிக்கை என்ன? கட்டுரையில் தரப்பட்ட இரண்டு எண்களை மட்டும் கொண்டு அதை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்லலாம். நீரிழிவு உள்ள 114 பேரில் ஒருவருக்கும் ரத்த அழுத்தம் இல்லை என்றால் 469. அந்த 114 பேருக்கும் ரத்த அழுத்தமும் இருக்கிறது என்றால் அவர்கள் அனைவரும் 355 பேருக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள், மொத்தம் 355தான். ஆகவே விடை 35.5 விழுக்காட்டுக்கும் 46.9 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கட்டுரையாசிரியர் தம்மை அறியாமலே அந்த எல்லையின் உச்சியைப் பிடித்துக்கொண்டார். நீரிழிவு உள்ள எவருக்கும் ரத்த அழுத்தம் இருப்பதில்லை என்று கருதினால் மட்டுமே அவர் கூட்டியது சரியாகும். அப்படி எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இந்த எல்லையை இன்னும் கொஞ்சம் நெருக்கலாம். இவ்விரு நோய்களுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது ஊரில் மற்றவர்களுக்கு இருக்கும் அதே விகிதத்தில், அதாவது 35.5 விழுக்காடு, நீரிழிவு உள்ள 114 பேரிடமும் ரத்த அழுத்தம் இருக்க வேண்டும். 114இல் 35.5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 40 பேர். இந்த 40 பேரைக் கழித்தால் 429. ஆனால் இவ்விரு நோய்களும் உண்மையில் தொடர்பற்றவை அல்ல. உடற்பருமனும் வயதும் இரண்டையும் சேர்த்தே கூட்டுகின்றன. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ரத்த அழுத்தமும் ஏறுகிறது. எனவே இரண்டும் உள்ளவர்கள் 40 பேருக்கு மேல்தான் இருப்பார்கள். ஏதேனும் ஒன்றாவது உள்ளவர்கள் 429 பேருக்குக் கீழேதான் இருப்பார்கள். ‘கிட்டத்தட்டப் பாதிப் பேர்’ என்ற சொற்றொடருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

அதே ஆய்வில் வேறு எண்களும் உண்டு. வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கும், ரத்தக் கொழுப்பு அளவில் ஏதேனும் ஒரு கோளாறு 81.2 விழுக்காட்டினருக்கும் இருப்பதாக அது தெரிவித்தது. கட்டுரையாசிரியர் தம் முறைப்படியே இந்த நான்கையும் கூட்டியிருந்தால் 167.6 விழுக்காடு கிடைத்திருக்கும். உடனே கை நின்றிருக்கும், எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று அவரே கண்டுகொண்டிருப்பார். கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும்போது பிழை தானே கத்திச் சொல்லிவிடுகிறது. 46.9 என்று அடக்கமாக நிற்கும்போதுதான் அது எவர் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடுகிறது. சிறிய எண்களைக் கூட்டும்போதே அதிக எச்சரிக்கை வேண்டும் என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

கூட்டலாம் என்பதற்கும் அதே ஆய்விலேயே எடுத்துக்காட்டு உண்டு. நீரிழிவு 11.4 விழுக்காடு, நீரிழிவுக்கு முந்தைய நிலை 15.3 விழுக்காடு. ஒருவருடைய ரத்தச் சர்க்கரை ஒரு வரம்பைக் கடந்தால் நீரிழிவு. அதற்குச் சற்றுக் கீழே, ஆனால் இயல்பான அளவுக்கு மேலே நின்றால் முந்தைய நிலை. ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க இயலாது. ஆகவே 26.7 விழுக்காடு என்று தயங்காமல் கூட்டிச் சொல்லலாம். பாடநூல் இதனை ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’ என்கிறது. கூட்டுவதற்கு முன் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியுமா? முடியாது என்றால் கூட்டுங்கள். முடியும் என்றால் அப்படி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இப்பிழைக்கு மொழியும் ஓரளவு காரணம் என்பது என் எண்ணம். ‘அல்லது’ என்ற சொல் நம் பேச்சில் இரண்டு விதமாக வழங்குகிறது. விருந்தினரிடம் ‘காப்பியா அல்லது தேநீரா’ என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்ப அட்டை அல்லது ஆதார் அட்டை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று இருந்தால், இரண்டையும் வைத்திருப்பவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. கணிதத்தில் வரும் ‘அல்லது’ இந்த இரண்டாம் வகை. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதை விளக்கும்போது ‘அல்லது’ என்ற சொல்லையே நான் தவிர்த்துவிடுவேன். ‘ஆவது’ என்ற நம் இடைச்சொல் அதைவிடத் துல்லியமானது. ‘ஒரு நோயாவது’, ‘ஒருவராவது’, ‘ஒரு நாளாவது’ என்று சொல்லும்போது, இரண்டும் சேர்ந்து வந்தாலும் அதற்குள் அடங்கும் என்பதைத் தமிழ் பேசும் குழந்தை விளக்கமின்றியே உணர்ந்துகொள்கிறது.

இக்கணக்கைக் கற்பிக்க எனக்கு மிகவும் உதவியது வீட்டிலிருந்த தாயக்கட்டை. பாடநூலில் வரும் சீட்டுக்கட்டுக் கணக்குகள் நல்லவையே. 52 சீட்டுகளில் ஹார்ட் 13, இராசா 4, ஹார்ட் இராசா 1, ஆகவே ஹார்ட்டோ இராசாவோ வருவதற்கான நிகழ்தகவு 16/52 என்பது, இரண்டையும் கூட்டிவிட்டு இரண்டிலும் இருப்பதை ஒருமுறை கழிக்கச் சொல்லும் கூட்டல் தேற்றத்துக்குச் சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால் சீட்டுக்கட்டைக் கையால் தொட்டால் அடி விழும் என்ற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஹார்ட் எது, கிளாவர் எது என்று விளக்குவதிலேயே பாடவேளை கழிந்துவிடும். தாயம் அப்படியல்ல. எங்கள் பக்கத்துத் தாயக்கட்டைகள் நீண்ட நான்கு பட்டைப் பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஒரு புள்ளி, அடுத்தவற்றில் இரண்டும் மூன்றும், மற்றொரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் விழக்கூடிய வகைகள் 16. இதைக் கரும்பலகையில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம்.

முதல் கட்டையில் ஒரு புள்ளி விழும் வகைகள் 4, இரண்டாவது கட்டையில் ஒரு புள்ளி விழும் வகைகள் 4. ஒரு கட்டையிலாவது ஒரு புள்ளி விழும் வகைகள் எத்தனை என்று கேட்டால் வகுப்பு முழுவதும் 8 என்று குரல் கொடுக்கும். கட்டத்தில் அவற்றை நிழலிட்டு எண்ணச் சொன்னால் 7தான் வரும். இரண்டு கட்டைகளிலும் ஒரு புள்ளி விழும் அந்த ஒற்றைக் கட்டம் கிடைவரிசையிலும் இருக்கிறது, செங்குத்து வரிசையிலும் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்த பிள்ளை அதன் பிறகு கூட்டல் தேற்றத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தங்கள் கட்டுரையில் விடுபட்டது அந்த ஒற்றைக் கட்டம்தான்.

தாயத்திலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கத் தாயம் விழ வேண்டும். அதாவது ஒரு கட்டையில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழ வேண்டும். 16 வகைகளில் இதற்கு 2, அதாவது 8இல் 1. ‘அப்படியானால் எட்டு முறை உருட்டினால் கட்டாயம் தாயம் விழும்’ என்பது வீடுகளில் கேட்கும் பேச்சு. எட்டு முறை 1/8ஐக் கூட்டினால் 1 வருகிறது அல்லவா? ஆனால் இரண்டாம் உருட்டிலும் ஐந்தாம் உருட்டிலும் தாயம் விழும் ஆட்டங்கள் இந்தக் கூட்டலில் இருமுறை சேர்ந்துவிடுகின்றன. மூன்று உருட்டுகளில் விழும் ஆட்டங்கள் மும்முறை சேர்கின்றன. இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கழித்து முடியாது. நேர்வழியை விட்டுவிட்டு, ஒருமுறைகூட விழாமல் போவதைக் கணக்கிடுவதே சுருக்கமான வழி. ஓர் உருட்டில் தாயம் விழாமல் போவது 7/8. எட்டு உருட்டிலும் விழாமல் போவதற்கு இதை எட்டு முறை பெருக்க வேண்டும்; விடை ஏறத்தாழ 0.34. நூறு ஆட்டங்களில் 34 ஆட்டங்களில் எட்டு உருட்டுக்குப் பிறகும் காய் வெளியே வராமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ‘ஆவது’ என்று கேள்வி வந்தால் ‘ஒன்றுகூட இல்லை’ என்பதை முதலில் கணக்கிட்டு 1இலிருந்து கழிப்பது, இவ்வகைக் கணக்குகளுக்கெல்லாம் பொதுவான உத்தி.

இந்தப் பிழை நமக்கு மட்டும் உரியதன்று. நிகழ்தகவு என்ற கணிதத் துறையே இதிலிருந்துதான் கிளைத்தது என்று சொல்லலாம். பிரான்சு நாட்டில் தெ மேரே என்ற எழுத்தாளர், ஒரு பகடையை 4 முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபமாக இருப்பதையும், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு இரட்டை ஆறாவது விழும் என்று கட்டுவது அவ்வாறு இல்லாததையும் கண்டு குழம்பினார். 4 முறை 1/6ஐக் கூட்டினாலும், 24 முறை 1/36ஐக் கூட்டினாலும் 2/3 என்ற ஒரே விடைதான் வருகிறது. இக்கேள்வி கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கலிடம் போயிற்று. 1654ஆம் ஆண்டில் அவரும் மற்றொரு கணித அறிஞரான பியேர் தெ ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இது இடம்பெற்றது. ஒன்றுகூட விழாமல் போவதைக் கணக்கிட்டுக் கழித்தால் முதல் பந்தயத்துக்கு 671/1296, அதாவது 51.8 விழுக்காடு, இரண்டாவதற்கு 49.1 விழுக்காடு. ஒன்று பாதிக்குச் சற்று மேலே, மற்றது பாதிக்குச் சற்றுக் கீழே. இரண்டில் எதுவுமே 2/3இன் அருகில்கூட இல்லை.

இதுவரை கூட்டலைப் பற்றிச் சொன்னேன். பெருக்கலிலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது. சொல்லப்போனால் அதில் நேரும் பிழை இன்னும் கொடியது. தாயக்கட்டையில் 7/8ஐ எட்டு முறை பெருக்க முடிந்ததற்குக் காரணம், கட்டைக்கு முந்தைய உருட்டு நினைவில் இருப்பதில்லை என்பதுதான். ஓர் உருட்டின் முடிவு அடுத்ததைத் தொடுவதில்லை. இவற்றைச் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்கிறோம். அன்றாட வாழ்வில் நாம் சந்திக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை அல்ல. ‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்ற பழமொழியை நான் வகுப்பில் கணிதக் கூற்றாகவே சொல்வதுண்டு: ஒன்று நடந்துவிட்டால் மற்றது நடக்கும் வாய்ப்பு மாறிவிடுகிறது.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் தம் பெற்றோரை ரயிலில் அனுப்புவதற்காகத் தனித்தனியாக இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்திருந்தார். ஒன்று காத்திருப்போர் பட்டியலில் 11, மற்றது 12. ஒரு செயலி, முதலாவது உறுதியாக 60 விழுக்காடு வாய்ப்பு, இரண்டாவதற்கு 50 விழுக்காடு என்று காட்டியது. “ரெண்டும் உறுதியாக முப்பது பர்சன்ட்தானே சார்?” என்று கவலையோடு வந்து கேட்டார். அவர் 0.6ஐயும் 0.5ஐயும் பெருக்கியிருந்தார். ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவை. 12ஆம் எண் உள்ளே போக வேண்டுமானால் அதற்கு முன்பே 11ஆம் எண் போயிருக்க வேண்டும். ஆகவே இரண்டும் உறுதியாகும் வாய்ப்பு, இரண்டாவது உறுதியாகும் வாய்ப்பேதான், 50 விழுக்காடு. ஒன்றாவது உறுதியாகும் வாய்ப்பு, முதலாவது உறுதியாகும் வாய்ப்பேதான், 60 விழுக்காடு. ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 10 விழுக்காடு மட்டுமே. வயதான இருவரில் ஒருவரை மட்டும் அனுப்ப நேருமோ என்பதுதான் அவருடைய உண்மையான அச்சம். பெருக்கிப் பார்த்த முறையில் அந்த வாய்ப்பு 50 விழுக்காடாக எழுந்து நின்றிருக்கும்.

மழையும் இப்படித்தான். ஐப்பசியில் கல்யாணம், சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். கைப்பேசியில் இரண்டு நாளுக்கும் மழை வாய்ப்பு 40 விழுக்காடு என்று காட்டுகிறது. இரண்டையும் கூட்டி 80 என்று அஞ்சுபவர் உண்டு. சற்றுக் கணக்குத் தெரிந்தவர், மழை பெய்யாமல் போவது 0.6, அதை இருமுறை பெருக்கினால் 0.36, ஆகவே ஒரு நாளாவது மழை பெய்ய 64 விழுக்காடு வாய்ப்பு என்பார். இதுவும் சரியாகாது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் மழை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பிடிக்கிறது. உருவாகாவிட்டால் தொடர்ந்து வெயில். மழை நாட்கள் கூட்டமாக வருவதால், சனி நனைந்தால் ஞாயிறும் நனையும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு நாளாவது நனையும் வாய்ப்பு 64க்குக் கீழே இறங்குகிறது. அது 40க்குக் கீழே மட்டும் போகாது. (மழை பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். வானிலை ஆய்வு மையம் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று சொல்வது, அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மிகாதவற்றில் மழை பதிவாகும் என்ற பரப்பளவுக் குறிப்பு. அதை ‘மழை வாய்ப்பு 25 விழுக்காடு’ என்று மாற்றி எழுதுவது வேறொரு பொருளைத் தந்துவிடும்.)

சார்புள்ள நிகழ்ச்சிகளைச் சார்பிலாதவை என்று கருதிப் பெருக்கியதால் ஒரு தாயின் வாழ்க்கை அழிந்த வரலாறு இங்கிலாந்தில் உண்டு. சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞரின் இரண்டு குழந்தைகளும் பிறந்த சில வாரங்களிலேயே, முதல் குழந்தை 1996இலும் இரண்டாவது குழந்தை 1998இலும், திடீரென இறந்தன. இரண்டையும் தாயே கொன்றார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1999இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் சாட்சியம் அளித்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ, அப்படிப்பட்ட வசதியுள்ள, புகைப் பழக்கமில்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் 1 என்றும், ஆகவே இரண்டு குழந்தைகள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்றும் கூறினார். இரண்டாம் எண், 8,543ஐ அதே எண்ணால் பெருக்கிப் பெற்றது. ஆனால் இரண்டு குழந்தைகளும் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவை, மரபணுக்களில் ஒரு பகுதியைப் பகிர்ந்தவை, ஒரே வீட்டில் உறங்கியவை. ஒரு குழந்தை அப்படி இறந்த வீட்டில் இன்னொரு குழந்தைக்கும் அதே ஆபத்து கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு என்பதை அந்தப் பெருக்கல் முற்றிலும் மறைத்துவிட்டது. இன்னொரு பிழையும் அதனுள் இருந்தது. இயற்கையாக இரண்டு குழந்தைகள் இறப்பது அரிது என்றால், ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் அரிதுதான். இரண்டு அரிய நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒன்று அரிது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதுதான் நடந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டக் கூடாது.

2001ஆம் ஆண்டில் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம், அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு சாலி கிளார்க் தரப்புக்குத் தரப்படாமல் போனதும் பின்னர் வெளிப்பட்டது. முக்கியமாக அதன் பேரில் 2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கி அவரை விடுவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2007இல், 42 வயதில் அவர் இறந்தார். இந்தச் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லும்போது என் குரல் தழுதழுத்ததுண்டு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் ஒரு தேற்றத்துக்கு இத்தனை கனம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அந்த அமைதியில் புரிந்துகொண்டார்கள்.

தற்செயலையும் இக்கணக்கு சற்றுத் தெளிவாக்குகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் வியக்கும் பல நிகழ்ச்சிகள், எண்ணிப் பார்த்தால் வியப்புக்குரியவை அல்ல. 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் இருவருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பேன். ஆண்டுக்கு 365 நாட்கள், மாணவர்களோ 40 பேர். பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ஒருவருக்கும் ஒத்துப்போகாமல் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் கழித்தால் 89 விழுக்காடு வருகிறது. 23 பேர் இருந்தாலே பாதியைத் தாண்டிவிடும். 40 பேர் என்றால் ஒப்பிட வேண்டிய இணைகள் 780 என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பெற்றோருக்குத் தேதி நினைவில்லாததால் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்த அந்தக் காலத்துப் பதிவேடுகளில், இது இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் எழுதியது தங்கள் கட்டுரையாசிரியரைக் குறை கூறுவதற்காக அன்று. நீரிழிவைப் பற்றி அவர் கூறிய மற்ற அறிவுரைகள் பயனுள்ளவை; என் வீட்டிலும் அக்கட்டுரையை எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் நாளிதழில் அச்சான எண் என்பதாலேயே அதை மேடையில் சொல்பவர்களும், பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் பிள்ளைகளும், அதை வைத்து மாத்திரைக்கும் மருத்துவருக்கும் திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு வேண்டுகோள்களைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஒரே மக்கள்தொகையைப் பற்றி இரண்டு விழுக்காடுகளை அருகருகே வெளியிட நேர்ந்தால், இரண்டும் சேர்ந்து உள்ளவர்கள் எவ்வளவு என்ற மூன்றாவது எண்ணையும் ஆய்வறிக்கையிலிருந்து தேடி எடுத்து அதன் பக்கத்தில் இடுமாறு துணையாசிரியர்களுக்குச் சொல்லுங்கள். அந்த எண் கிடைக்காவிட்டால், கூட்டாமலும் பெருக்காமலும் இரண்டையும் தனித்தனியாகவே விட்டுவிடலாம். சென்ற வாரக் கட்டுரையைப் பொறுத்தவரை, ‘நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றாவது உள்ளவர்கள் 35.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 46.9 விழுக்காட்டை மிகாமலும் இருப்பார்கள். இரு நோய்களும் சேர்ந்து வருவது வழக்கமாதலால் மேல் எல்லையை அவ்வெண்ணிக்கை எட்டுவதில்லை’ என்ற திருத்தத்தை, அதே உடல்நலப் பக்கத்தில், பிழை வந்த அதே இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.